சீமோரில் காற்று திரும்பிய காலை

சொதிச் சட்டியிலிருந்து எழுந்த ஆவி தென்கிழக்காகச் சாய்ந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மெல்பனிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையில் சீமோர் என்றொரு சிறிய ஊர். பொதுக் கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு புல்வெளி, அதில் இரண்டு மர மேசைகள். ஒன்றில் இடியப்பப் பெட்டிகள். மற்றதில் தேங்காய்ப்பால் சொதி, சம்பல், காகிதத் தட்டுகள். கம்பளித் தொப்பி போட்ட குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். குளிர்காலத்தின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆனால் காற்றில் ஒரு புழுக்கம். தூறல் வேறு.

"பிள்ளை, சொதி வேணுமெண்டால் கேள். சட்டியை ஏன் முறைச்சுப் பாக்கிறாய்?" என்றார் வசந்தி அன்ரி, கரண்டியை ஆட்டியபடி.

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்கறேன் அன்ரி."

"மற்ற ஆக்கள் அதை மரத்திலை பாப்பினம்."

மரங்கள் எல்லாம் இலையுதிர்ந்து நின்றன. சொதியின் ஆவிதான் ஒழுங்காகத் திசை காட்டியது. வடமேற்குக் காற்று. வெதுவெதுப்பான காற்று. நான் காத்திருந்தது இதற்கு அல்ல.

இந்தத் தொடரின் சென்ற வாரப் பகுதியில், டார்னெய்ட்டில் என் வீட்டுக் கொடியில் துணி நனைந்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: தண்ணீர்க் கணக்குப் போடுவதே வேலையாக இருப்பவர் வானத்தைப் பார்க்க மாட்டாரா? பார்ப்பேன். ஆனால் வானம் என் பேச்சைக் கேட்ட நாள்கள் மிகக் குறைவு. அதில் ஒன்று இது.

பொங்கலன்று தேர்ந்தெடுத்த மலை

அப்போது நான் மெல்பனில், கிளேட்டன் பகுதியில் படிப்பை முடித்து, வேலையில் சேர்ந்த புதிது. சனிக்கிழமைகளில் அங்கே ஒரு தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். நான் சேலத்துக்காரி. 'அக்கா, நீங்க மூவி மாதிரி கதைக்கிறீங்க' என்று முதல் வாரமே சொல்லிவிட்டார்கள்.

வகுப்புக்கு ஆண்டுக்கொரு சுற்றுலா உண்டு. பெயர் ஸ்னோ ட்ரிப். பேருந்து, இடியப்பம், தேவாரம், பனிமலை. இந்த ஒழுங்கில்தான் நடக்கும்.

எந்த மலைக்குப் போவது என்பதைப் பொங்கல் விழாவன்று கைதூக்கி முடிவு செய்வார்கள். அதாவது ஜனவரி மாதம், கொளுத்தும் வெயிலில், வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து எங்கே பனி விழும் என்று வாக்கெடுப்பு. ஒவ்வோர் ஆண்டும் ஒரே முடிவுதான் வரும். பிரைட் என்ற ஊருக்கு மேலே உள்ள மலை. ஏனென்றால் அதுதான் உயரம்.

சுற்றுலாவின் தலைவர் குணம் அங்கிள். ஓய்வுபெற்ற கணக்காளர். யாழ்ப்பாணத்துக்காரர், இளவயதில் இலங்கையின் மலைநாட்டில், பதுளையில் வேலை பார்த்தவர். அவருடைய விதி எளிது. "உயரம் போனால் குளிர். குளிர் எண்டால் ஸ்னோ. இதுக்கு என்னத்துக்கு பிள்ளை ஆராய்ச்சி?"

இந்த விதிப்படி மூன்று ஆண்டுகள் போனார்கள். முதல் ஆண்டு மழை. இரண்டாம் ஆண்டு பழைய பனி, கல்லாய் இறுகி, ஓரமெல்லாம் சேறு. மூன்றாம் ஆண்டு மூடுபனி. பக்கத்தில் நின்றவரே தெரியவில்லை. பிள்ளைகள் சுற்றுலாவுக்கே 'மட் ட்ரிப்', அதாவது சேற்றுச் சுற்றுலா, என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் தீர்மானமே போட்டாயிற்று. இந்த முறையும் சரிவரவில்லையென்றால் ஸ்னோ ட்ரிப்பை நிறுத்திவிட்டு, அடுத்த ஆண்டிலிருந்து கோடையில் கடற்கரை.

சொந்தக் காரில் மலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. வசந்தி அன்ரிக்குப் பெரிய விஷயம். அவர் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். வார இறுதி விடுப்பு கிடைப்பதே அரிது. பனிமலைச் சாலையில் கார் ஓட்டும் துணிவும் அவருக்கு இல்லை. மகள் ஆரணிக்கு அது தமிழ் வகுப்பில் கடைசி ஆண்டு.

"இந்த முறையும் இல்லையெண்டால் அவள் இனி வரமாட்டாள்" என்று அன்ரி பேருந்தில் ஏறும்போதே என்னிடம் சொல்லியிருந்தார். "ஸ்னோவுக்கும் வரமாட்டாள், தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பக்கமும் வரமாட்டாள். கொண்டுபோய்க் கொண்டுபோய் ஏமாத்திப்போட்டம்."

ஆரணி என் மாணவி. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். அன்று காலை ஜன்னலோரம் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "ஃபாலிங் ஸ்னோ இஸ் லைக் த டூத் ஃபேரி, அக்கா. பேரன்ட்ஸ் மேக் இட் அப்." விழும் பனியும், விழுந்த பல்லுக்குக் காசு வைக்கும் தேவதையும் ஒன்றாம்; பெற்றோர் கட்டிய கதையாம்.

பார்க்காததில் பட்டம்

அவளிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. நானும் பனி விழுந்து பார்த்ததில்லை.

என் ஆய்வே பனியைப் பற்றியது. மலையில் சேரும் பனி உருகி அணைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்ற கணக்கு. பனியின் ஆழம், அடர்த்தி, ஒரு பனித்துகள் என்ன வேகத்தில் இறங்கும் என்பதுவரை எனக்குத் தெரியும். விழுந்துகிடக்கும் பனியில் கம்பு ஊன்றி அளந்திருக்கிறேன். ஆனால் நான் மலையில் இருக்கும்போது விழுந்ததில்லை. நேற்று விழுந்திருக்கும். நான் இறங்கிய பிறகு விழும்.

சிட்னியில், கெல்லிவில்லில், என் சித்தி மகன் இருக்கிறான். வங்கியில் வேலை. ஒவ்வொரு குளிர்காலமும் அந்தப் பக்கத்து மலையில் நின்று, தலையெல்லாம் வெள்ளையாகப் படம் எடுத்து அனுப்புவான். கீழே ஒரே வரி: 'நிபுணருக்கு வணக்கம்.'

இந்த நாட்டில் பனி விழும் மலைகளை வரைபடத்தில் ஒரு கட்டைவிரலால் மூடிவிடலாம். அவ்வளவு சிறிய பரப்பு. ஆனாலும் ஒரே இரவில் ஒரு மலையில் முழங்கால் அளவு விழுந்திருக்கும், பக்கத்து மலையில் புல் தெரியும். அதுதான் என்னை அந்த ஆய்வுக்கே இழுத்தது.

காரணம் காற்றின் திசை. வடமேற்கிலிருந்து வரும் மேகக்கூட்டம் ஈரம் நிறையக் கொண்டுவரும். உள்நாட்டு உயரமான மலைகள் அதை வாங்கிக்கொள்ளும். ஆனால் அது வெதுவெதுப்பாக வந்தால் உச்சியிலும் மழைதான். தென்மேற்குக் காற்று கடலிலிருந்து குளிரோடு வரும், விட்டு விட்டுக் கொட்டும். அதன் வழியில் முதலில் நிற்கும் மலைக்குத்தான் பங்கு அதிகம். பின்னால் நிற்கும் மலை, உயரமாகவே இருந்தாலும், மிச்சத்தைத்தான் வாங்கும். எப்போதாவது தென்கிழக்கிலிருந்து அடித்தால் எல்லாம் தலைகீழ்.

ஆகவே 'எந்த மலை நல்ல மலை' என்ற கேள்விக்குப் பொங்கலன்று பதில் கிடையாது. அன்றன்று காலையில்தான் உண்டு.

இதை வெள்ளிக்கிழமையே சுற்றுலா வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். ஞாயிறு காலை காற்று வடமேற்கிலிருந்து தென்மேற்குக்குத் திரும்பும். திரும்பினால் பிரைட் வேண்டாம், மான்ஸ்ஃபீல்ட் ஊருக்குப் பக்கத்து மலைக்குப் போவோம். பதிலாக நான்கு கட்டைவிரல்களும், ஒரு கும்பிடும், ரோஜாப்பூ போட்ட ஒரு காலை வணக்கமும் வந்தன.

இன்னொரு சுற்று இடியப்பம்

சீமோரில்தான் வழி பிரிகிறது. நேரே போனால் பிரைட். வலப்பக்கம் திரும்பினால் மான்ஸ்ஃபீல்ட். அதைத் தாண்டினால் மனம் மாற்ற முடியாது.

நான் எதையும் பட்டியல் போட்டே யோசிப்பவள். அன்று கைபேசியில் இருந்தது இது: காற்றின் திசை, உச்சியின் குளிர், மேகப்படம், பனியில் வழுக்காமல் இருக்கப் பேருந்துச் சக்கரங்களுக்குச் சங்கிலி, பிள்ளைகளுக்கு மாற்றுக் காலுறை, குணம் அங்கிள். கடைசியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அளக்க முடியும்.

அங்கிள் தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தார். "சரி, எல்லாரும் ஏறுங்கோ. பிரைட்டிலை சறுக்குப் பலகை புக் பண்ணிக் கிடக்கு."

"அங்கிள், இன்னும் கொஞ்ச நேரம். காத்து திரும்பப் போகுது."

"திரும்பினால் திரும்பட்டும். அது காத்துதானே, எங்கடை பஸ் இல்லையே."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கைபேசியில் மெல்பன் வானிலை நிலையத்தின் அளவைப் பார்த்தேன். அங்கே காற்று ஏற்கெனவே திரும்பியிருந்தது. எங்களிடம் வந்து சேர வேண்டியதுதான் பாக்கி. எனக்கு நேரம் வேண்டும். நேரத்தை யார் தருவார்?

வசந்தி அன்ரியிடம் போனேன். "அன்ரி, இன்னொரு சுற்று இடியப்பம் இருக்கா?"

"பின்னேரத்துக்கு எண்டு வச்சிருக்கிறன்."

"இப்பவே குடுத்துடுங்க. ஆரணிக்காகத்தான் கேக்கறேன்."

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பெட்டியைத் திறந்தார். "சுடச்சுடக் கிடக்கு! ஆருக்கு இன்னும் வேணும்? குணமண்ணை, நீங்கள் சம்பல் போடாமலே சாப்பிட்டுப்போட்டியள், இஞ்சை வாங்கோ!"

இடியப்பத்தின் முன் குணம் அங்கிளின் அவசரம் தாக்குப்பிடிக்கவில்லை. ஆஸ்திரேலிய ஓட்டுநரும் தட்டோடு வந்து நின்றார். சொதியை ஒரு வாய் குடித்துவிட்டு, இது என்ன சூப் என்று கேட்டார். அதைச் சொல்லவே மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள்.

நான் ஆவியைப் பார்த்தேன். தென்கிழக்கு. இன்னும் தென்கிழக்கு. பிறகு நேர்மேலே எழுந்தது. ஒரு கணம் புல்வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல இருந்தது.

அப்புறம் அடித்தது பாருங்கள். காகிதத் தட்டுகள் மேசையிலிருந்து கிளம்பி வடகிழக்காகப் பறந்தன. பிள்ளைகள் கத்திக்கொண்டு துரத்தினார்கள். கழுத்துத் துணிக்குள் கத்திபோல் குளிர் இறங்கியது. கொஞ்ச நேரத்துக்கு முன் ஜாக்கெட்டைக் கழற்றியவர்கள் எல்லாம் பேருந்துக்கு ஓடினார்கள்.

ஹற்றனும் பதுளையும்

"அங்கிள், தென்மேற்குக் காத்து. இப்ப மான்ஸ்ஃபீல்ட் மலைக்குத்தான் போகணும்."

"பிள்ளை, அது பதிவான மலை, உயரம் குறைவு. உயரத்தை விட்டுட்டுப் பதிவிலை போய் ஸ்னோ தேடச் சொல்லுறீரோ?"

கைபேசியில் மேகப்படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். பச்சைப் பொட்டுகள் அவரை அசைக்கவில்லை. பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிட்டேன். அப்போதுதான் அவர் பதுளையில் இருந்தவர் என்பது நினைவுக்கு வந்தது.

"அங்கிள், இந்தத் தென்மேற்குக் காத்துக்கு உங்க ஊர்ல என்ன பேரு?"

"சோளகம்."

"சோளகம் அடிக்கும்போது யாழ்ப்பாணத்துல மழை வருமா?"

"எங்கை வாறது! புழுதிதான் வரும். மழை எல்லாம் மலைநாட்டிலை விழுந்திடும்."

"மலைநாட்டுல எங்க? பதுளையிலயா?"

"சும்மா கதைக்காதையும். பதுளை அந்த மாசங்களிலை காஞ்சு கிடக்கும். ஹற்றன் பக்கந்தான் கொட்டும். மேற்குப் பக்கம் எல்லோ. நாங்கள் ஹற்றனிலை குடையோடை ரெயில் ஏறுவம், பதுளையிலை இறங்கேக்கை குடையை ஏன் கொண்டுவந்தம் எண்டு..."

நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. கை மட்டும் மெல்ல எழுந்து வலப்பக்கச் சாலையைக் காட்டியது.

"அது ஹற்றன்" என்றார்.

"ஆமா அங்கிள்."

"பிரைட் பதுளை."

"ஆமா."

"மூண்டு வருசமா நான் சனத்தைப் பதுளைக்குக் கொண்டுபோயிருக்கிறன்!"

எல்லா ஆண்டும் சோளகம் அடித்திருக்காது, சில ஆண்டுகளில் பிரைட் மலைதான் சரியான மலை என்று விளக்க வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். ஓர் ஆள் நம் பக்கம் வரும்போது அடிக்குறிப்பு போடக் கூடாது.

அங்கிள் பேருந்தில் ஏறி ஒலிவாங்கியை எடுத்தார். "எல்லாரும் கேளுங்கோ. இண்டைக்கு நாங்கள் ஹற்றனுக்குப் போறம்!"

பெரியவர்கள் கைதட்டினார்கள். பின்னால் இருந்து ஒரு குரல்: "வாட்ஸ் ஹற்றன்?"

வெயில்

மான்ஸ்ஃபீல்ட் வந்து சேர்ந்தபோது வெயில் அடித்தது.

சும்மா வெயில் இல்லை. பளீரென்ற, துணி காயப்போடும் வெயில். கழுவிவிட்ட நீல வானம். சறுக்குப் பலகை வாடகைக்குக் கொடுக்கும் கடையின் வாசலில் ஒரு நாய் வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது.

அங்கிள் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார்.

"பிள்ளை, ஹற்றனிலை இப்பிடி வெயில் நான் கண்டதில்லை."

"விட்டு விட்டுத்தான் வரும் அங்கிள். இது நடுவுல ஒரு இடைவெளி."

சொல்லிவிட்டுக் கைபேசியில் மேகப்படத்தை மறுபடியும் திறந்தேன். கணக்கில் இடைவெளிகள் இருந்தன. ஐம்பது பேரும் வாடகைப் பூட்ஸுமாக அந்த இடைவெளிக்குள் போய் உட்காருவோம் என்று கணக்கில் இல்லை. ஆரணி தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுத் தூங்குவதுபோல் இருந்தாள். வசந்தி அன்ரி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

மலையடிவாரத்தில் ஆரஞ்சு அங்கி போட்ட ஒருவர் பேருந்தை நிறுத்தினார். ஓட்டுநர் ஜன்னலைத் திறந்து பேசினார். பிறகு திரும்பி, சங்கிலி மாட்டச் சொல்கிறார்கள் என்று அறிவித்துவிட்டு இறங்கினார்.

நான் எழுந்து நின்றேன். சங்கிலி கட்டாயம் என்றால் மேலே சாலை வெள்ளை. நின்றதில் தலை சாமான் தட்டில் இடித்தது. வலிக்கவில்லை.

கண்ணாடியில் நின்ற துளி

பேருந்து சங்கிலி கடகடக்க வளைவு வளைவாக ஏறியது. இரண்டு பக்கமும் உயரமான யூகலிப்டஸ் மரங்கள். வெயில் போன இடம் தெரியவில்லை. காடு சாம்பல் நிறமாயிற்று, பிறகு கறுத்தது. மழை வந்தது. முழு மழை. துளிகள் கண்ணாடியில் சாய்வாக ஓடின.

"மழை" என்றார் யாரோ. அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் மூன்று ஆண்டுகள் இருந்தன.

நான் துளிகளையே பார்த்தேன். உயரம் ஏற ஏற அவை ஓடும் வேகம் குறைந்தது. கண்ணாடிக்கு மறுபக்கம் ஏதோ தடித்தது. ஒரு துளி வந்து ஒட்டியது, ஓடவில்லை. இன்னொன்று. அதுவும் ஓடவில்லை.

ஆரணி தொப்பியை நெற்றிக்கு ஏற்றினாள். ஒட்டிய இடத்தை உள்பக்கமிருந்து விரலால் தொட்டாள். அது நட்சத்திரம்போல் கால் விரித்து உட்கார்ந்திருந்தது.

"அக்கா."

"ம்."

"அக்கா!"

வளைவு திரும்பியது. காடு முழுவதும் வெள்ளை. அந்த வெள்ளைக்கு மேல் வெள்ளை இறங்கிக்கொண்டிருந்தது. நிதானமாக, அகலமாக, பூ உதிர்வதுபோல. பேருந்தில் யாரோ "அரோகரா!" என்று கத்தினார்கள். அடுத்த கணம் பேருந்தே கத்தியது.

இறங்கியதும் எல்லாரும் எங்கெங்கோ ஓடினார்கள். வசந்தி அன்ரி சால்வையை விரித்துப் பிடித்து, அதில் விழுவதைப் பார்த்து நின்றார். ஓட்டுநர்கூடக் கைபேசியை எடுத்தார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். முகத்தில் விழுந்தது. சட்டைக் கையில் விழுந்தது. அடர்த்தியும் வேகமும் எனக்குத் தெரியும். ஆனால் சத்தமே இல்லை. இவ்வளவு விழுகிறது, ஒரு சத்தமும் இல்லை. அதை எந்த அட்டவணையிலும் யாரும் எனக்கு எழுதி வைத்திருக்கவில்லை.

ஆரணி குணம் அங்கிளிடம் ஓடினாள். அவருடைய குரங்குக் குல்லாவில் ஒரு வெள்ளைக் கோபுரம் எழும்பியிருந்தது.

"அங்கிள்! மூண்டு வருசமா இதை எங்கை ஒளிச்சு வச்சனீங்கள்?"

அங்கிள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். வசந்தி அன்ரி சால்வையோடு திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஆரணி முழு வாக்கியத்தையும் தமிழில் கேட்டிருந்தாள். அவளுக்கே அது தெரியவில்லை. நாங்கள் இருவரும் சொல்லவும் இல்லை.

பிரைட் மலையில் அன்று மதியம் தூவல்தான், காற்று மட்டும் பலம் என்று கைபேசியில் பார்த்தேன். அங்கிளிடம் காட்டவில்லை. அவருக்கு நேரமும் இல்லை. கைபேசியில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்: "ஓம் ஓம், விழுது! நான்தான் கடைசி நேரம் ரூட்டை மாத்தினனான். சோளகம் எண்டால் ஹற்றன் எண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியுமே!"

எனக்கு அதில் வருத்தம் இல்லை. தலையெல்லாம் வெள்ளையாக ஒரு படம் எடுத்துக் கெல்லிவில்லில் இருக்கும் சித்தி மகனுக்கு அனுப்பினேன். கீழே ஒன்றும் எழுதவில்லை.

மலையிலிருந்து பேருந்து இறங்கும்போது அங்கிள் மறுபடியும் ஒலிவாங்கியைப் பிடித்தார். "கடற்கரை எண்ட கதை இனி இல்லை. பொங்கலுக்கு மலை வாக்கெடுப்பும் இல்லை. பஸ்ஸையும் இடியப்பத்தையும் மட்டும் புக் பண்ணுவம். மலையைப் பிள்ளை சீமோரிலை வச்சுச் சொல்லும்."

"எப்பிடிச் சொல்லும்?" என்று ஒருவர் கேட்டார்.

"சொதியைப் பாத்து!" என்றார் வசந்தி அன்ரி பின்னிருக்கையிலிருந்து.

அதற்குப் பிறகு வந்த குளிர்காலங்களில் எங்கள் பேருந்து மான்ஸ்ஃபீல்டுக்கும் போயிருக்கிறது, பிரைட்டுக்கும் போயிருக்கிறது. ஒருமுறை இரண்டிலும் மழைதான். அதற்கும் யாரும் கடற்கரைப் பேச்சை எடுக்கவில்லை. சீமோர்ப் புல்வெளியில் இப்போது யாரும் முதலில் தட்டைத் தூக்குவதில்லை. ஐம்பது பேரும் மேசையைச் சுற்றி நின்று, சொதிச் சட்டியிலிருந்து ஆவி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிறார்கள். நெடுஞ்சாலையில் போகும் லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

தமிழ் வகுப்பை முடித்து ஆண்டுகள் ஆன பிறகும், சட்டியின் மூடியைத் திறப்பவள் ஆரணிதான்.